ஜன்ம நக்ஷத்திரத்தைப் படம் பிடிப்போம்

கோயிலில் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பெயர், நக்ஷத்திரம் சொல்லுங்கோ" என்று கேட்கும்போது நம்மில் எவரும் திகைத்து நிற்பதில்லை. வீட்டுத் தலைவரில் ஆரம்பித்துத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரையில் எல்லாருடைய நக்ஷத்திரமும் மனப்பாடமாக வந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் பேரனுடைய டெலிபோன் நம்பரை மறந்துவிட்ட பாட்டிகூட, அவன் பூராடம் நாலாம் பாதம் என்பதை மறப்பதில்லை. ஆனால் அதே மனிதர்களை வெளிப் பிராகாரத்தில் நிறுத்தி, தலைக்கு மேலே கையைக் காட்டி, "தங்கள் நக்ஷத்திரம் எது என்று சற்றுக் காட்டுங்கள், பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் நம்மை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவார்கள்.

கல்யாண வீடுகளில் நடப்பது இன்னும் விசேஷம். மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுவது நம் சம்பிரதாயம். எப்போது காட்டுகிறார்கள்? பட்டப் பகல் பத்து மணிக்கு! எங்கே காட்டுகிறார்கள்? மின்சார விசிறி சுழலும் மண்டபத்துக் கூரையில்! "தெரிகிறதா, அம்மா?" என்று சாஸ்திரிகள் கேட்கிறார். "தெரிகிறது" என்று பெண் தலையை ஆட்டுகிறாள். இல்லறத்தின் முதல் பொய் இப்படிச் சகல சாட்சிகளின் முன்னிலையில் அரங்கேறிவிடுகிறது.

ஜோசியம் மெய்யா, பொய்யா என்ற வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது வேறு கச்சேரி. நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பெயர்களுக்கு உரிய நக்ஷத்திரங்கள் இன்றும் ஆகாயத்தில் இருக்கின்றன. சந்திரன் ஏறக்குறைய 27 நாட்களில் வானத்தை ஒரு முறை சுற்றி வருகிறது. அந்தப் பாதையை 27 பங்காக வகுத்து, ஒவ்வொரு பங்குக்கும் அங்கே தென்பட்ட நக்ஷத்திரத்தின் பெயரை வைத்தார்கள் நம் பெரியோர்கள். நீங்கள் பிறந்த வேளையில் சந்திரன் எந்தப் பங்கில் இருந்ததோ, அது உங்கள் நக்ஷத்திரம். இரவு தோறும் வெட்டவெளியில் நின்று, கண்ணால் கண்டு வைத்த பெயர்கள் இவை. நாமோ பெயரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பொருளைத் தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

தொலைந்த பொருளைத் தேடித் தர ஒரு சாதனம் அனேகமாக உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பையன் காலேஜில் சேர்ந்தபோதோ, பெண்ணின் கல்யாணத்தை உத்தேசித்தோ வாங்கிய டிஜிட்டல் காமிராவைத்தான் சொல்கிறேன். இப்போது கைப்போனே எல்லாப் படத்தையும் எடுத்துவிடுவதால் அது உறையோடு உறங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பி, ஒரு முக்காலி ஸ்டாண்டின் மேல் ஏற்றி, மொட்டை மாடிக்குக் கொண்டு வாருங்கள்.

கண்ணும் காமிராவும்

நம் கண் அற்புதமான யந்திரம். ஆனால் அதற்குச் சேமிக்கும் புத்தி கிடையாது. ஒரு விநாடியில் சிறு பின்னத்துக்குள் வந்த வெளிச்சத்தைப் பார்த்து முடித்து, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கலான நக்ஷத்திரம் பிரகாசமாகிவிடாது. காமிராவோ நல்ல குடும்ப ஸ்திரீயைப் போன்றது. அதன் கதவைத் திறந்து வைத்தால் இருபது விநாடியும் சொட்டுச் சொட்டாக வரும் வெளிச்சத்தைச் சிந்தாமல் சேர்த்து வைக்கும். கண்ணுக்குத் தெரியாத நக்ஷத்திரங்கள் படத்தில் தெரிவதன் இரகசியம் இவ்வளவே.

1850-ஆம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வானிலையத்தில் முதன்முதலாக ஒரு நக்ஷத்திரத்தைப் படம் பிடித்தார்கள். அபிஜித் என்று நாம் வழங்கும் நக்ஷத்திரம் அது. பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டும், சுமார் 100 விநாடி திறந்து வைத்தபிறகுதான் வெள்ளித் தகட்டில் அது ஒரு புள்ளியாக விழுந்தது. இன்று உங்கள் வீட்டுக் காமிரா அதே நக்ஷத்திரத்தை ஒரே விநாடியில் பிடித்துவிடும்.

இந்த வித்தையில் நம் நாடு பின்தங்கி நின்றதென்று யாரும் எண்ண வேண்டாம். ஆகாயம் முழுவதையும் பங்கு போட்டுக்கொண்டு படம் பிடிப்பதென்று 1887-இல் பாரிஸ் நகரில் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடித் தீர்மானித்தார்கள். அந்தப் பணியில் ஹைதராபாத் நிஜாமியா வானிலையம் பிற்பாடு சேர்ந்துகொண்டு, ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட நக்ஷத்திரங்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தது. அந்த வானிலையத்தில் உதவியாளராக இருந்த ஒருவருடைய குமாரர்தான் வேணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்த அவர், ஹார்வர்டில் மாணவராயிருந்தபோது, 1949-இல் தாம் எடுத்த புகைப்படத் தகட்டில் அதுவரை எவரும் கண்டிராத வால்நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது அவருடைய பெயரையும் சேர்த்தே இன்றும் வழங்குகிறது. தாயகம் திரும்பிய பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தைத் தேர்ந்து ஒரு வானிலையம் அமைத்தார். 2.34 மீட்டர் அகலக் கண்ணாடியுடன் அங்கே நம்மவர்களே நிர்மாணித்த தூரதிருஷ்டிக்கு 1986-இல் அவர் பெயரையே சூட்டினார்கள். 1988-இல் அதே காவலூரில், 'கல்கி' என்று பெயரிட்ட ஆராய்ச்சித் திட்டத்தில் எடுத்த படங்களில் ஒரு சிறு கோள் அகப்பட்டது. அதற்கு இராமானுஜன் என்று நாமகரணம் செய்தார்கள். கும்பகோணத்துக் கணித மேதை இப்போது சூரியனைச் சுற்றி வருகிறார்.

ஆகவே ஆகாயத்தைப் படம் பிடிப்பது நமக்கு அந்நிய வித்தையன்று. வீட்டுக்குள் வராதிருந்தது, வரவழைக்க வேண்டியதுதான்.

சாமான்களும் சமயமும்

லென்ஸ் மாற்றக்கூடிய சாதாரணக் காமிரா, அதை வாங்கும்போது கூடவே கொடுத்த 18 முதல் 55 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு ஸ்டாண்டு: இவை போதும். ஸ்டாண்டு மட்டும் ஆடாததாக இருக்கவேண்டும். அதன் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கால்களை நன்றாக விரித்து வையுங்கள். மாடியில் காற்று அடித்தால் நடுவில் ஒரு பையைக் கட்டித் தொங்க விட்டு, அதில் இரண்டு செங்கல்லைப் போடுங்கள். தலைநோவும் செலவும் இல்லாத உபாயம்.

சமயம் முக்கியம். பௌர்ணமியன்று நிலவு அழகுதான். ஆனால் நக்ஷத்திரங்களுக்கு அவள் சக்களத்தி. அமாவாசையை ஒட்டிய ஏழெட்டு நாட்களே உத்தமம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற் போலிருக்கும் தை, மாசி மாதங்கள் ஆரம்பப் பாடத்துக்கு மிகவும் சிலாக்கியமானவை. சொந்தக் கிராமம் இருப்பவர்கள் பொங்கலுக்குப் போகும்போது காமிராவையும் மூட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தவுடன் ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் தளரக்கூடாது. இருட்டுக்குக் கண் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிஷம் பிடிக்கும். அதற்குள் யாராவது கைப்போனைப் பிரகாசமாக ஏற்றிவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ஒட்டிக்கொள்வது நல்லது. சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

முறை

இனிச் செய்முறை. வரிசை தவறாமல் செய்தால் முதல் இரவிலேயே பலன் கிடைக்கும்.

முதலாவதாக, காமிராவின் மேலுள்ள சக்கரத்தை 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். 'ஆட்டோ' என்பது பகல் வேலைக்காரன். இருட்டைக் கண்டால் அவனுக்குப் புத்தி தடுமாறிவிடும். இனி எஜமானர் நீங்கள்தான்.

இரண்டாவது, லென்ஸை 18 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, அதன் துவாரத்தை முழுவதும் திறந்து விடுங்கள். இந்த லென்ஸில் அது எஃப் 3.5 என்று காட்டும். எண் சிறிதானால் துவாரம் பெரிது. தெருக்குழாயில் நீர் மெல்ல வரும்போது வாயகன்ற அண்டாவை வைக்கிறோமல்லவா? அதே நியாயம்.

மூன்றாவது, 'ஐ.எஸ்.ஓ.' என்ற அளவை 1600-இல் வையுங்கள். சேர்ந்த வெளிச்சத்தைக் காமிரா எவ்வளவு தூரம் பெருக்கிக் காட்டவேண்டும் என்பதற்கு இது அளவு. நல்ல இருட்டான இடத்தில் 3200 வரையில் போகலாம். அதற்குமேல் போனால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும்.

நான்காவது, நேரம். இங்கேதான் ஒரு சிறு கணக்கு வருகிறது; குழந்தைகளை விட்டுப் போடச் சொல்லுங்கள். பூமி சுழல்வதால் ஆகாயம் மணிக்கு 15 பாகை வீதம் நகர்கிறது. அதிக நேரம் திறந்து வைத்தால் நக்ஷத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. 500 என்ற எண்ணை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். சாதாரணக் காமிராக்களில் உள்ளே இருக்கும் படத்தகடு சற்றுச் சிறியதாகையால், மில்லிமீட்டரை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 27. 500-ஐ 27-ஆல் வகுத்தால் 18 விநாடிக்குச் சற்று மேல். ஆகவே 15 விநாடியில் ஆரம்பியுங்கள். அதே லென்ஸை 55-க்கு நீட்டினால் 6 விநாடிதான் தாங்கும்.

ஐந்தாவது, குவியம். ஆரம்பக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இந்தப் படியில்தான். இருட்டில் காமிரா தானாகக் குவிந்துகொள்ளாது. லென்ஸின் பக்கத்திலுள்ள விசையைக் கைமுறைக்கு மாற்றுங்கள். மிகப் பிரகாசமான ஒரு நக்ஷத்திரத்தைப் பின்புறத் திரையில் வரவழைத்து, பெரிதாக்கும் பொத்தானை அமுக்கிப் பத்து மடங்கு பெருக்கிப் பாருங்கள். லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பும்போது பருத்த பந்து சிறுத்துச் சிறுத்து ஊசிமுனையாகும். அந்த இடத்தில் நிறுத்தி, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்.

ஆறாவது, விரலின் அதிர்ச்சி படத்தில் விழாதிருக்க 'டைமர்' என்பதை 2 விநாடிக்கு வையுங்கள். பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் காமிரா அமைதியடைந்த பிறகு தானாக எடுத்துக்கொள்ளும். லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் விசை இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஸ்டாண்டின்மேல் நிற்கும்போது அது இல்லாத நடுக்கத்தைத் தேடி வீணாக அசைந்துகொண்டிருக்கும்.

படத்தைப் பதிவு செய்யும் முறைகளில் 'ரா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சீர்செய்ய இடம் கொடுக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. படத்தைச் சீவி முடித்துப் பொட்டிட்டு அலங்கரிக்கலாம். இல்லாத நக்ஷத்திரத்தை ஒட்ட வைத்துப் பொய் சொல்ல வைக்கக் கூடாது.

தை மாதத்தில் பனி இறங்கும். அரைமணிக்கு ஒரு தரம் லென்ஸின் முகத்தைப் பாருங்கள். மூட்டம் போட்டிருந்தால் சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பாட்டரியும் சீக்கிரம் தீரும். இன்னொன்று கைவசம் இருக்கட்டும். நல்ல கைப்போன் வைத்திருப்பவர்களும் வருந்த வேண்டாம். அதை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, இரவு முறையில் எடுத்தால் பெரிய நக்ஷத்திரங்கள் நிச்சயம் விழும்.

ஐவர் இருக்கும் குரூப் போட்டோ

முதல் படத்துக்கு யாரை உட்கார வைப்பது? ஐந்து நக்ஷத்திரக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை, புனர்பூசம் ஆகிய ஐவரும் ஒரே படத்தில் அடங்கிவிடுவார்கள்.

பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு ஏழரை மணிக்குக் கிழக்குப் பார்த்து நில்லுங்கள். ஏறக்குறைய நடு உயரத்தில், வலதுகைப் பக்கமாக, சம இடைவெளியில் மூன்று நக்ஷத்திரங்கள் வரிசையாக நிற்கும். அதுதான் அடையாளம். அந்த மூன்றுக்கு இடப்புறம் செந்நிறமாகப் பிரகாசிப்பது திருவாதிரை. அதற்குச் சற்று மேலே நெருங்கி நிற்கும் மங்கலான மூன்று புள்ளிகள் மிருகசீரிஷம். இன்னும் உயரே காவி நிறத்தில் ரோகிணி. அதற்கும் மேலே, உச்சிக்குச் சமீபத்தில், வைரத்தோட்டைப் போல் கொத்தாக மின்னுவது கார்த்திகை. கீழே இடப்பக்கம், அடிவானத்திலிருந்து சற்று எழும்பி, ஜோடியாக நிற்பவை புனர்பூசம். காமிராவை நெட்டுவாக்கில் திருப்பி, 18 மில்லிமீட்டரில் மேல்நோக்கிச் சாய்த்தால் அடிமுதல் முடிவரையில் ஐவரும் வந்துவிடுவார்கள்.

படம் திரையில் தோன்றும் அந்தக் கணத்தில் வீட்டார் முகத்தைக் கவனியுங்கள். வெறும் கண்ணுக்கு எல்லா நக்ஷத்திரமும் அனேகமாக வெள்ளை. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை நன்கு அறியாது. காமிராவுக்கு அந்தக் குறை இல்லை. திருவாதிரை பழுத்த செம்மையாகவும், கார்த்திகை இளநீலமாகவும் விழும். செந்நிறத்தைவிட நீல நக்ஷத்திரத்துக்கு வெப்பம் அதிகம் என்ற பௌதிகப் பாடத்தை அங்கேயே சொல்லிவிடலாம். கார்த்திகையில் ஆறு பெண்கள் என்பது கதை. கூர்ந்த கண்ணுக்கு ஆறு தெரிவதும் உண்மை. படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். அந்த ஆறு பேரின் தோழிமார் எத்தனை பேர் என்பது அப்போது தெரியும்.

மாசியில் பூசத்தை எடுங்கள். கண்ணுக்குச் சிறு புகைபோல் தெரிவது படத்தில் நக்ஷத்திரக் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்கு எழும்பியிருக்கும். ஏர்க்கால் போன்று வளைந்த அதன் வாலில் நடு நக்ஷத்திரம் வசிஷ்டர். லென்ஸை 55-க்கு நீட்டி 6 விநாடி எடுத்தால் அவரை ஒட்டி அருந்ததி தெளிவாகத் தனித்து நிற்பாள். முந்திய மாதம் மண்டபத்துக் கூரையைப் பார்த்துத் தலையாட்டிய புதுத் தம்பதிகளுக்கு இதைவிட நல்ல பரிசு நான் அறியேன்.

பூமி சுழலும் கணக்கு

நக்ஷத்திரம் கோடாக இழுபடாமல் காப்பது எப்படி என்று இதுவரை சொன்னேன். இப்போது வேண்டுமென்றே இழுபட விடுவோம்.

காமிராவை வடக்கு நோக்கித் திருப்புங்கள். துருவ நக்ஷத்திரம் எந்த ஊரிலும் அவ்வூரின் அட்ச ரேகை எத்தனை பாகையோ ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. ஆகவே வடக்கே கட்டடமும் மரமும் மறைக்காத இடம் வேண்டும். 30 விநாடிப் படங்களாக, இடைவெளி விடாமல், ஒரு மணி நேரத்துக்கு 120 படம் எடுங்கள். நீண்ட நேரப் படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதி காமிராவில் இருந்தால் இதற்கு மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோடு துண்டு துண்டாக விழும். இந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தர 'ஸ்டார்ஸ்டாக்ஸ்' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. சேர்த்துப் பார்த்தால் ஒரு மையத்தைச் சுற்றி எல்லா நக்ஷத்திரங்களும் வளையம் போட்டிருக்கும்.

அத்தகைய படம் ஒன்றை அச்சிட்டு என் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, கோணமானியால் அளக்கச் சொன்னேன். மையத்துக்கு அருகே உள்ள சிறிய வளைவானாலும், தூரத்திலுள்ள பெரிய வளைவானாலும், எல்லாம் 15 பாகைதான். "ஒரு மணிக்கு 15 என்றால் 360-க்கு 24 மணி, ஸார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. புஸ்தகத்தில் பத்து வருஷமாகப் படித்த சமாசாரம் அன்றுதான் அவனுக்குச் சொந்தமாயிற்று. துல்லியமாகச் சொன்னால் 23 மணி 56 நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்கு விளக்கம் மறுநாள் பாடம்.

பூமி சுழல்வதால்தான் நக்ஷத்திரங்கள் மேற்கே போவதாகத் தோன்றுகிறதென்று, ஓடத்தில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதை உவமை காட்டி, 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபடர் எழுதிவைத்தார். பிறகு நெடுங்காலம் நம்மவர்களே அதை ஒப்பவில்லை. அவரிடம் புத்தி இருந்தது, காமிரா இல்லை. நம்மிடம் இரண்டாவது இருக்கிறது.

அந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அசையாத பதம் பெற்றவன் என்று புராணம் புகழும் துருவனும் சிறு வளைவாகவே விழுந்திருப்பான். உண்மையான மையத்திலிருந்து அவன் முக்கால் பாகைக்கும் குறைவாக விலகி நிற்கிறான். சந்திர பிம்பத்தின் அகலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

கிழக்கு நோக்கியும் ஒரு படம் எடுங்கள். நம் தமிழ்நாடு பூமத்திய ரேகைக்குச் சமீபத்தில் இருப்பதால், நக்ஷத்திரங்கள் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கிளம்பும். லண்டனில் எடுத்தால் வெகுவாகச் சாய்ந்த கோடுகளே வரும். வடக்கே துருவனையும், தெற்கே அகஸ்தியரையும், அவருக்குக் கீழே சிலுவை வடிவான கூட்டத்தையும் ஒரே மாடியிலிருந்து பார்க்கும் பாக்கியம் அங்கே இல்லை. ஆகாயத்தைப் பொறுத்தவரையில் நாம் பெரிய மிராசுதார்கள்.

இருளுக்கு வந்த பஞ்சம்

அந்த மிராசுதான் இப்போது நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல இருட்டில் ஒரே சமயத்தில் இரண்டாயிரம் நக்ஷத்திரங்களுக்கு மேல் கண்ணுக்குத் தெரியவேண்டும். பெருநகரத்து மாடியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நகரத்தில் நீங்கள் 15 விநாடி எடுக்கும் படம் விடியற்காலைபோல் வெளுத்துப் போய்விடும். அங்கே 800 ஐ.எஸ்.ஓ.விலும் 5 விநாடியிலும் எடுக்க வேண்டியிருக்கும். அவ்வெளுப்பு நம் விளக்குகளின் வேலை. தரையில் விழ வேண்டிய வெளிச்சம் மூடாத விளக்குகளிலிருந்து மேலே போய், தூசியில் பட்டுச் சிதறி, நக்ஷத்திரங்களை மறைக்கிறது. பழைய மஞ்சள் விளக்குகளை எடுத்துவிட்டு வைத்த வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளில் நீல ஒளி அதிகம். அது இன்னும் அதிகமாகச் சிதறும். மின்சாரத்துக்குக் காசையும் கொடுத்து, வானத்தையும் இழப்பது எந்த ஊர் சிக்கனம்?

விளக்கே வேண்டாம் என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவனல்லன் நான். இரவில் பெண்களும் முதியவர்களும் அச்சமின்றி நடக்கத் தெருவிளக்கு வேண்டும். அது தெருவைப் பார்க்கட்டும். தேவலோகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மேலே ஒரு மூடி போட்டால் தரைக்கு வெளிச்சம் குறையாது.

இது நடவாத காரியமும் அன்று. லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே என்ற ஊரில் நம் நாட்டின் வானிலையம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிரதேசத்தை 2022-ஆம் வருஷம் டிசம்பரில் இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். கிராமத்தார் விளக்குகளுக்கு மூடியும், ஜன்னல்களுக்குக் கனத்த திரையும் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் சிலரே பயிற்சி பெற்று, தூரதிருஷ்டியுடன் யாத்திரிகர்களுக்கு வானத்தைக் காட்டி ஜீவனமும் செய்கிறார்கள். இருட்டை விற்றுச் சம்பாதிப்பது என்றால் இதுதான்! பனிமலைச் சிற்றூர் செய்வதை நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் செய்ய முடியாதா?

பஞ்சாயத்து கூடும் வரையில் நம் வீட்டில் ஆரம்பிக்கலாம். மொட்டை மாடி விளக்கும், வாசலில் வீணாக எரியும் பெருவிளக்கும் அவசியமில்லாதபோது அணைந்திருக்கட்டும். பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். வருஷந்தோறும் தை அமாவாசையன்று, அதே மாடியின் அதே மூலையிலிருந்து, அதே மணிக்கு, அதே அளவுகளில் அந்த ஐவரின் படத்தை எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ஐந்து வருஷத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஊர் வானம் வெளுக்கிறதா, கறுக்கிறதா என்பது தானே தெரியும். முனிசிபாலிடிக்கு மனு எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் திடமான சாட்சியம் வேறு கிடையாது. பிரசங்கத்தை மறுத்துப் பேசலாம். படத்தை மறுக்க முடியாது.

மகம் நக்ஷத்திரக்காரர்களுக்கு மட்டும் ஒரு விசேஷச் செய்தி சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பங்குனியில் இரவு ஒன்பது மணிக்கு உங்கள் நக்ஷத்திரம் உச்சியை அடுத்து நிற்கும். வெளிச்சம் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடியும், அங்கிருந்து இங்கு வந்து சேர ஏறக்குறைய 79 வருஷம் ஆகிறது. இக்காலத்தில் உங்கள் காமிராவில் விழும் அந்த ஒளி, 1947-இல் நம் மூவர்ணக் கொடி செங்கோட்டையில் ஏறிய காலத்தை ஒட்டிப் புறப்பட்டதாகும். அன்று பிறந்த மகத்துக்காரர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வாருங்கள். பொத்தானை அவரே அமுக்கட்டும். இத்தனை வருஷம் வழிநடந்து வந்த விருந்தாளியை வரவேற்க வீட்டுப் பெரியவர்தான் முன்னால் நிற்கவேண்டும்.